ஆயுசுத் துணி

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை தங்காது என்பது ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. எனக்கு அடுத்து அம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண்களும் பெயர் வைப்பதற்கு முன்பே மஞ்சள் பூத்துப் போய்விட்டார்கள். அப்புறம் பிறந்த தங்கை, பெண்ணாகப் பிறந்ததால் பிழைத்தாள் என்று சொல்வார்கள். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அது அப்படியே உண்மை என்று பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

தங்கைக்குக் கல்யாணமாகி முதலில் பிறந்தவனும் அதே மஞ்சளில், பிறந்த வாரத்திலேயே போனான். செவ்வாப்பு நோய் என்றார்கள், தோஷம் என்றார்கள், ஆளுக்கொரு தாயத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். நான் அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை அடக்கம் பண்ணிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. மூன்று பிள்ளைகள் போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூட ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. இதை நான் சத்தமாகச் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. துக்க வீட்டில் இப்படியா பேசுவது என்று உறவுக்காரர்கள் என்னை முறைத்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் பரம்பரை ரத்தக் குறைபாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போனேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலையடிவாரத்து ஊர்களில் மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுச் சிலருக்கு மூத்திரம் காப்பி நிறத்தில் போனது, உடம்பு வெளுத்தது. ஏன் சிலருக்கு மட்டும் அப்படி என்று பார்ப்பது என் வேலை. கூமாப்பட்டி, சோழபுரம் என்று ஊர் ஊராகப் போய், வீடு வீடாக விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தேன். வயதான பெண்கள் என்னைக் கண்டால் ரத்தக்காரி வாரா என்று பேரப்பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடாமல் ஊரார் ரத்தத்தைத் தேடுகிறாளே என்று கேலியும் உண்டு. அதற்கெல்லாம் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

விஷயம் இதுதான். சிவப்பணுவுக்குள் அதைக் காப்பாற்றும் ஒரு நொதி இருக்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. மற்றபடி நன்றாகத்தான் இருப்பார்கள். குறிப்பிட்ட சில மருந்தோ ரசாயனமோ உடம்புக்குள் போய்விட்டால் மட்டும் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். உடைந்த ரத்தம்தான் மஞ்சளாக உடம்பில் ஏறுகிறது. பச்சைப் பிள்ளைக்கு ஏறினால் மூளை வரைக்கும் போகும். இந்தக் குறை தாய் வழியாக வருவது. பெரும்பாலும் தாயை ஒன்றும் செய்யாது, மகனைப் பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. ஒரு துளி ரத்தத்தை மருந்தில் கலந்து காகிதத்தில் வைத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே பார்க்க வேண்டும். நொதி இருந்தால் துளி ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டாகவே கிடக்கும்.

அம்மாவின் துளியையும் தங்கையின் துளியையும் பார்த்தேன். இரண்டும் மங்கலாக ஒளிர்ந்தன. குறையைச் சுமக்கிறவர்களின் துளி அப்படித்தான் இருக்கும். என்னுடையது பளிச்சென்று ஒளிர்ந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

தங்கை இரண்டாவது முறை உண்டானாள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ எல்லையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று தந்தி வந்தது. அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் தன்னால் இருக்க முடியாது என்று என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள், அதுவும் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்ஸிங்ஹோமில் ஆண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தைக் குழாயில் வாங்கிக்கொண்டு நான் நேராக மதுரைக்கு பஸ் ஏறினேன். இருட்டறையில் சுற்றிலும் இருந்த துளிகளெல்லாம் ஒளிர்ந்தன. அவனுடைய துளி இருந்த இடம் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்து, காகிதத்தைத் திருப்பி, புதிதாக ஒரு துளி வைத்து, மறுபடி பார்த்தேன். மறுபடியும் இருட்டுதான்.

திரும்பி வந்து நான் போட்ட சட்டத்தில் அந்த நர்ஸிங்ஹோமே அலுத்துப் போயிற்று. இந்த ஊசி கூடாது, அந்த மாத்திரை கூடாது, என்னைக் கேட்காமல் எதுவும் கூடாது. டாக்டர் வயதில் பெரியவர், பொறுத்துக்கொண்டார். அம்மாவிடம், தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் பிள்ளை வாயில் படக்கூடாது என்று சொன்னேன். நாக்கில் சேனை வைக்கக்கூடாது, தேன் தடவக்கூடாது, உரைமருந்து என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையின் மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது அம்மா அறை வாசலிலேயே மறித்து நின்றாள். சம்பந்தி வீட்டோடு மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை என்று நின்றாள். எனக்கு அம்மாவின் மேல் பெருமையாக இருந்தது.

பிள்ளையை ராஜபாளையம் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எங்கள் வழக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. தொட்டிலில் போடுகிற நாள் வரைக்கும் பழைய துணிதான், அதுவும் நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் கட்டிய துணி. அம்மாவின் தாத்தா பல்லெல்லாம் விழுந்து மறுபடி குழந்தை மாதிரி ஆகும் வரைக்கும் இருந்தவர். அவருடைய வேட்டிகளைக் கிழித்து, வெளுத்து, மடித்து அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். ஆயுசுத் துணி என்று அதற்குப் பெயர். நர்ஸிங்ஹோமுக்கே அதில் ஒரு கட்டு வந்துவிட்டது. வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து எடுத்த துணியில் பிள்ளையைச் சுற்றித் தந்தாள். வெள்ளை வெளேரென்று, பூ மாதிரி மெத்தென்று இருந்தது. வாய்க்குள் போகாத எதைப் பற்றியும் நான் சட்டம் போடவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மஞ்சள் வரும், போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் நெஞ்சில் அழுத்தினேன், அங்கேயும் மஞ்சள். இந்த மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. சாயங்காலம் வயிற்றுக்கு வந்துவிட்டது. தங்கை என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் குரலைக் கேட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அது மட்டும் எனக்கு நிச்சயம். வசம்பு வளையலைக் கழற்றச் சொன்னேன். கண்மையைத் துடைத்தேன். சாம்பிராணிப் புகையை நிறுத்தினேன். தங்கை சாப்பிட்ட மாத்திரைகளை எல்லாம் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நான் அனுமதித்தவைதான். கடைசியில் அம்மாவிடம் வந்தேன்.

"வாயில என்ன வச்ச? உண்மையச் சொல்லு."

அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவட்டீ நான். நீ சொன்னதுக்கு மேல ஒரு சொட்டு வைப்பேனா?"

அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. யாராவது ஏதாவது கொடுத்திருந்தால் அதை நிறுத்தலாம். எதுவும் கொடுக்காமலே இப்படி என்றால் எதை நிறுத்துவது?

விடிந்தபோது மஞ்சள் முழங்காலுக்கு வந்திருந்தது. பிள்ளை பால் குடிக்கவில்லை. தங்கை மார்பை வாயில் வைத்தால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுகிறான். துணியை மாற்றும்போது பார்த்தேன், ஈரம் பட்ட இடத்தில் டீ கொட்டியது மாதிரி கறை. மலையடிவாரத்தில் எத்தனையோ பேரின் பாட்டிலில் பார்த்த அதே நிறம். மில் சங்கு ஊதியது. தெருவில் ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் செருப்புப் போடாமல் ஓடிப்போய் முக்கில் இருந்த வாடகைக் காரைக் கூட்டிவந்தேன். டிரைவர் சோழபுரத்துக்காரர். பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

அம்மா பெட்டியைத் திறந்து, இருந்ததில் கனமான துணியாகப் பார்த்து எடுத்துப் பிள்ளையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். போகிற வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். இதுவரை என்னோடு விறைப்பாகவே பேசியவர் அன்று அப்படிப் பேசவில்லை. ரத்தத்தை முழுக்க மாற்ற வேண்டும், இங்கே வசதியில்லை, பேசிக்கொண்டு நிற்காமல் மதுரைக்குப் போம்மா என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் பண்ணிச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அம்மா காரின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொன்னாள். பிள்ளைக்குக் காற்று ஆகாதாம். வெயில் ஏறிவிட்டது. அடைத்த காருக்குள் வேர்த்து ஊற்றியது. பெட்ரோல் வாசனையோடு இன்னொரு நெடி வந்துகொண்டிருந்தது. தலைவலிக்கிற நெடி. வண்டியில் பூச்சி உருண்டை எதுவும் போட்டிருக்கிறீர்களா என்று டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். இல்லையே என்றார். பின்சீட்டுப் பக்கம் திரும்பினேன், நெடி கூடியது. அம்மாவின் மடியில் குனிந்து பிள்ளையின் நெஞ்சில் முகத்தை வைத்தேன்.

அந்துருண்டை. எங்கள் ஊரில் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கிற வெள்ளை உருண்டை. பூச்சி அரிக்காமலிருக்க அம்மா வருஷா வருஷம் துணிக்கட்டுகளுக்கு நடுவே போட்டு வைப்பது. இந்தக் குறையுள்ளவர்களுக்கு ஆகவே ஆகாத ரசாயனங்களில் ஒன்று. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் நான் படித்திருக்கிறேன். அவர்கள் போர்வை என்று எழுதியிருந்தார்கள், அலமாரி என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டு டிரங்குப் பெட்டி எனக்கு அதில் தட்டுப்படவே இல்லை. எண்ணெய் தேய்த்த பச்சை உடம்பு. ராத்திரி பகலாக அந்தத் துணி. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். டிரைவர் ஓரத்தில் நிறுத்தினார். நான் பிள்ளையை அம்மாவின் மடியிலிருந்து பிடுங்கித் துணியை உருவிக் கதவைத் திறந்து வெளியே எறிந்தேன். மடியில் மாற்றுக்கு வைத்திருந்ததையும் எறிந்தேன். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினேன். என் வேலைப் பையில் சத்திரப்பட்டியில் வாங்கிய, காயத்துக்குப் போடும் கட்டுத்துணிச் சுருள் இருந்தது. அதைப் பிரித்து, பிள்ளையைத் துடைத்து, சுற்ற ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "புதுத்துணிட்டீ அது."

என் வாழ்நாளில் அம்மாவின் கையை நான் தட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான்.

அம்மா சாலையோரத்தில் கிடந்த வெள்ளைத் துணியைக் கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு வந்தாள். கள்ளுப்பட்டியில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்து நின்றது. டிரைவர் இறங்கிப்போய் மாட்டைத் தானே பிடித்து ஓரம் கட்டினார். தங்கை பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். சுண்டினால் முனகுவான். திருமங்கலம் வரும்போது முனகலும் குறைந்துவிட்டது. நான் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் மஞ்சள் வந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது, ரத்தத்தைத் தவிர. கையிருப்பில் இருந்தது பழைய ரத்தம், பச்சைப் பிள்ளைக்குப் புதிது வேண்டும் என்றார்கள். என் வகை பிள்ளைக்குச் சேராது. அம்மாவின் வகை சேரும். அம்மா அதற்குள் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டிவிட்டாள்.

"என் ரத்தத்த எடு. எம்புட்டு வேணும்னாலும் எடு."

அவளுடைய துளி மங்கலாக ஒளிர்ந்தது என் கண்முன்னே இருந்தது. அவள் ரத்தத்தில் பாதி அணுக்கள் பிள்ளையுடையதைப் போலவே உடையக் கூடியவை. அந்துருண்டையின் ரசாயனம் இன்னும் அவன் உடம்பில் இருக்கிறது. ஏற்றினால் அதுவும் உடையும்.

"உன் ரத்தம் வேண்டாம்மா" என்றேன்.

காரணத்தை விளக்க நேரமில்லை. அம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் என்ன குரூப் வேண்டும் என்று கேட்டார். லைசென்ஸோடு ஒரு சீட்டு வைத்திருந்தார். சேரும் வகை. அவரை இழுத்துக்கொண்டு போய் விரலில் குத்தி, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த என் இருட்டறைக்கு ஓடினேன். மலையடிவாரத்து ஊர்க்காரர், அவருக்கே குறை இருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். காகிதம் காய வேண்டும். காய்கிற வரைக்கும் விசிறினேன், ஊதினேன், திட்டினேன். விளக்கைப் போட்டேன். துளி நன்றாக ஒளிர்ந்தது. என் ஆராய்ச்சிக் காலத்தில் எத்தனையோ துளிகளைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ரத்தத்தை இழுத்து, புதியதைச் செலுத்தினார்கள். அறைக்குள் என்னை விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக டாக்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. தங்கை பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். டிரைவர் யாரோ வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, போகாமல் அங்கேயே இருந்தார். வெயில் தாழும்போது உள்ளே பிள்ளை அழுதான். முனகல் இல்லை, வீல் என்று அடித் தொண்டையிலிருந்து அழுகை. தங்கை எழுந்து நின்றாள். அவள் சேலையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

மறுநாள் காலை பிள்ளை பால் குடித்தான். மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் டம்ளரில் காப்பியோடு நின்றேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். முந்தின நாளிலிருந்து பிள்ளையை அவள் தொடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

துணியில் இருந்த அந்துருண்டையால்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாதா என்றாள். பெரும்பாலும் செய்யாது என்றேன். ரோட்டைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப அந்த மூணு பேரும்?"

அந்த மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டித் துணி சுற்றியவள் அவள்தான். அதே பெட்டி, அதே தாத்தாவின் வேட்டி. தங்கையின் முதல் பிள்ளையை அடக்கம் பண்ணும்போதும் அதே துணியில்தான் சுற்றிக் கொடுத்தாள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாதும்மா" என்றேன். "அவங்க ரத்தத்த யாரும் பாக்கலயே. பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

அறிவியல்படி அது சரியான பதில். எந்தச் சபையிலும் நின்று சொல்லலாம்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நீ தெரியும்னாலும் சத்தமாச் சொல்லுவ. தெரியாதுன்னாலும் சத்தமாத்தான் சொல்லுவ. இப்ப மெதுவாச் சொல்லுத."

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கழுவ எடுத்துப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அம்மா சமைத்தாள், தங்கைக்குப் பத்தியம் பார்த்தாள், துணி துவைத்தாள். பிள்ளையை மட்டும் தூக்கவில்லை. அழுதால் தங்கையைக் கூப்பிடுவாள், இல்லையென்றால் என்னைக் கூப்பிடுவாள். டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் தவிட்டு மூட்டை இருந்தது. பெட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் லீவை நீட்டித்துக்கொண்டு இருந்தேன். தப்பு உன் மேல் இல்லை என்று பலமுறை சொல்ல வாயெடுத்து, அவள் சொன்னதை நினைத்து, எந்தக் குரலில் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. ராணுவத்திலிருந்து பிள்ளையின் அப்பாவும் வந்துவிட்டார். சம்பந்தி வீட்டாரும் மனத்தாங்கலை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தாயைப் பெற்றவள்தான் பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. தங்கை போய் அடுப்படி வாசலில் நின்றாள். நீ போடாவிட்டால் இவனைத் தொட்டிலிலேயே போடமாட்டேன் என்றாள். கெஞ்சவில்லை, அழவில்லை.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் வழி விட்டது. பிள்ளை பாயில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அவள் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தூக்குவதற்குக் கையை நீட்டியவள், நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மறுபடியும் கைகளைக் கழுவிவிட்டு வந்து அவனைத் தூக்கினாள்.